முத்தோனி கேட்ட கேள்வி: கூகியின் ‘த ரிவர் பிட்வீன்’ நாவலில் குலமரபும் கிறிஸ்தவமும்

‘த ரிவர் பிட்வீன்’ (இடையில் ஓடும் நதி) கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ (1938–2025) எழுதிய நாவல். 1965-இல் வெளிவந்தது. உகாண்டாவின் மகெரேரே கல்லூரியில் மாணவராக இருந்தபோதே இதை எழுதினார். முதலில் வெளிவந்தது ‘வீப் நாட், சைல்ட்’ (1964) என்றாலும், எழுதிய வரிசையில் இதுவே முந்தையது. கிகுயு இனமக்களின் குலமரபும் புதிதாக வந்த கிறிஸ்தவமும் மோதிய காலத்தைச் சொல்லும் இந்நாவல் ஆப்பிரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் பல்லாண்டுகளாகப் பாடமாக இருந்து வருகிறது.

‘மரபுக்கும் நவீனத்துக்கும் இடையிலான போராட்டம்’ என்ற ஒற்றை வரியில் இந்த நாவலை முடித்துவிடும் வழக்கம் பாடக் குறிப்புகளில் உண்டு. அந்த வரி தேர்வுக்குப் போதும், நாவலுக்குப் போதாது. ஒரு குலத்தின் மரபு என்பது மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ வேண்டிய ஒரே மூட்டையா, அல்லது ஆய்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பல பொருள்களா என்பதே இந்நாவலின் உயிரான கேள்வி. இதைக் கேட்பவள் ஒரு சிறுமி. அந்தக் கேள்விக்காக அவள் உயிரும் போகிறது.

வரலாற்றுப் பின்னணி

கிகுயு மக்கள் கென்ய மலையைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் வாழ்பவர்கள். அந்த மலையைக் கிரிநியாகா என்பார்கள். அங்கே உறையும் ங்காய் என்னும் கடவுள், கிகுயு, மும்பி என்ற முதல் தம்பதியைப் படைத்து நிலத்தை அவர்களுக்குக் கொடுத்தார் என்பது தொன்மக்கதை. அவர்களுடைய பெண்மக்களிடமிருந்தே குலங்கள் தோன்றின. பெண்கள் பத்துப் பேர் என்றாலும் ‘நிறைந்த ஒன்பது’ என்றே சொல்வது வழக்கம். மக்களைத் துல்லியமாக எண்ணிச் சொல்வது ஆகாது என்பது நம்பிக்கை.

ஆணும் பெண்ணும் விருத்தசேதனம் செய்துகொண்ட பின்பே குலத்தின் முழு உறுப்பினர் ஆவார்கள். அது ஒரு நாள் சடங்கு மட்டுமன்று. அதையொட்டிப் பாட்டு, ஆட்டம், மூத்தோர் சொல்லும் ஒழுக்கப் பாடம், ஒன்றாகச் சடங்கு கண்டவர்கள் வாழ்நாள் முழுதும் ஒரே வயதுக் குழுவினராகும் உறவு எனப் பலவும் இருந்தன. ஆனால் பெண்ணுக்கு அது உடலைச் சிதைக்கும் கொடுமையாகவும் இருந்தது. உதிரப் போக்கு, சீழ், பிள்ளைப்பேற்றில் ஆபத்து ஆகியவற்றை மிஷன் மருத்துவர்கள் நேரில் கண்டார்கள்.

1929-இல் இது பெரும் நெருக்கடியாக வெடித்தது. ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனும் வேறு சில மிஷன்களும் பெண் விருத்தசேதனத்தைக் கைவிடுவதாகச் சபையாரிடம் உறுதிமொழி கேட்டன. எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்தார்கள். மறுத்தவர்கள் சபையிலிருந்தும் மிஷன் பள்ளிகளிலிருந்தும் விலக நேர்ந்தது. விலகியவர்கள் பள்ளிக்கூடத்தையும் விடவில்லை, பைபிளையும் விடவில்லை. தாங்களே பணம் திரட்டிக் கிகுயு சுதந்திரப் பள்ளிகளைக் கட்டினார்கள், தங்களுக்கென்று சபைகளையும் அமைத்துக்கொண்டார்கள். 1939-இல் கிதுங்குரியில் ஆசிரியர் கல்லூரியும் தோன்றியது. 1952-இல் நெருக்கடிநிலை வந்தபின் ஆங்கில அரசு அக்கல்லூரியையும் அந்தப் பள்ளிகளையும் மூடியது.

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டே நாவலைப் படிக்க வேண்டும். ‘குலமா, கிறிஸ்துவா’ என்ற கேள்வியை மிஷன் கேட்டது. மக்களில் பெரும்பகுதியினர் ‘இரண்டும்’ என்று விடை சொல்லப் பார்த்தார்கள்.

கதை

கமெனோ, மகுயு என்று எதிரெதிரே இரண்டு மலைமுகடுகள். நடுவே ஹோனியா ஆறு. ஹோனியா என்றால் குணமாக்குவது, உயிர்ப்பிப்பது என்று பொருள். மகுயுவில் போதகர் யோசுவாவின் கீழ்க் கிறிஸ்தவர்கள் திரள்கிறார்கள். கமெனோ குலமரபின் கோட்டையாகிறது.

கமெனோவில் சேகே என்ற முதியவர், வெள்ளையர் வருகையை முன்பே சொன்ன தீர்க்கதரிசியின் வழிவந்தவர். மலைகளிலிருந்து ஒரு மீட்பர் எழுவார் என்ற வாக்கைத் தம் மகன் வையாகியிடம் ஒப்படைத்து, அவனைச் சிரியானா மிஷன் பள்ளிக்கு அனுப்புகிறார். வெள்ளையரின் அறிவைக் கற்றுக்கொள், குணத்தைக் கற்காதே என்பதே அவர் சொல்லும் புத்திமதி.

யோசுவாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நியாம்புரா, இளையவள் முத்தோனி. கிறிஸ்தவளாகவே இருந்துகொண்டு குலத்தின் பெண்ணாகவும் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் முத்தோனி, கமெனோவிலுள்ள அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் விருத்தசேதனம் செய்துகொள்கிறாள். புண் ஆறவில்லை. மிஷன் மருத்துவமனையில் இறக்கிறாள். தாம் இரண்டையும் அடைந்துவிட்டதாகச் சொல்லியே இறக்கிறாள்.

அவள் சாவு இரு பக்கத்துக்கும் ஆயுதமாகிறது. ‘பார், உங்கள் சடங்கின் கொடுமை’ என்கிறது மிஷன். ‘பார், உங்கள் மதம் வந்ததன் சாபம்’ என்கிறது குலம். சடங்கை விடாதவர்களின் பிள்ளைகள் சிரியானா பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். வையாகி அவர்களுக்காகப் பள்ளி தொடங்கி ‘ஆசிரியர்’ என்று பெயர் பெறுகிறான். ஒருகாலத்தில் யோசுவாவின் சபையில் இருந்து பிரிந்த கபோனியி, குலத்தின் தூய்மையைக் காக்கக் ‘கியாமா’ என்ற அமைப்பை உருவாக்குகிறான். சடங்கு காணாத நியாம்புராவை வையாகி விரும்புகிறான். அவளை மறுதலிக்கச் சொல்லிக் கியாமா கேட்கும்போது அவனால் முடியவில்லை. இருவரும் தீர்ப்புக்காக ஒப்படைக்கப்படுகிறார்கள். ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.

யோசுவாவும் கபோனியியும்

மேலோட்டமாகப் பார்த்தால் யோசுவாவும் கபோனியியும் எதிரிகள். உற்றுப் பார்த்தால் இருவரும் ஒரே கொள்கைக்காரர்கள். மரபு என்பது பிரிக்க முடியாத ஒரே பொருள் என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. ஒருவர் முழுவதையும் பாவம் என்கிறார், மற்றவர் முழுவதையும் புனிதம் என்கிறார். யோசுவா, சடங்கு கண்ட பெண்ணை மணந்ததற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்தப் பெண் அவர் வீட்டில் அடுப்படியில் இருக்கும் மனைவி மிரியாமுதான். மகள் இறந்தபோதும் அவர் கண்ணில் நீர் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அவள் வீட்டை விட்டுப் போன அன்றே இல்லாமல் போய்விட்டாள்.

இந்த யோசுவாவின் வீட்டிலும் மரபு ஓசையின்றிக் குடியிருக்கிறது. அவருடைய பெண்களின் பெயர்களைப் பாருங்கள். கிகுயு வழக்கப்படி முதல் பெண்ணுக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரும் இரண்டாவது பெண்ணுக்குத் தாயைப் பெற்றவளின் பெயரும் வைப்பார்கள். பாட்டி பேத்தியில் திரும்பி வருகிறாள் என்பது அதன் பொருள். நியாம்புரா என்பதோ மும்பியின் பெண்மக்களில் ஒருத்தியின் பெயர். தம் பெயரை யோசுவா என்று மாற்றிக்கொண்ட போதகர், குலத்தாயின் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் மகளைக் கூப்பிடுகிறார். நாவல் இதை விளக்கிச் சொல்வதில்லை. கிகுயு வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது, நமக்குத் தேவைப்படுகிறது.

நம் வகுப்பறைகளிலும் இதைப் பார்க்கலாம். வருகைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் இருக்கும், வீட்டிலும் தெருவிலும் பாட்டியின் பெயரோ தாத்தாவின் பெயரோ வழங்கும். அந்தப் பிள்ளையிடம் ‘இரண்டில் எது உன் பெயர்?’ என்று கேட்டால் விழிக்கும். இரண்டுமே அதன் பெயர்.

கிகுயு பைபிளிலும் கடவுளுக்கு ங்காய் என்ற பழைய பெயரே வைக்கப்பட்டது. முன்னோர் வணங்கிய பெயரைச் சொல்லாமல் மிஷனால் செபம் சொல்லித்தர முடியவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வு மிஷனிலும் நடந்துகொண்டே இருந்தது. அந்தத் தேர்வைச் செய்யும் உரிமை மட்டும் மக்களுக்கு மறுக்கப்பட்டது.

முத்தோனியின் வாதம்

முத்தோனி தன் அக்காவிடம் வைக்கும் வாதம் எளிமையானது. அப்பாவும் அம்மாவும் சடங்கு கண்டவர்கள்தானே, அதனால் அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று ஆகிவிட்டதா என்று கேட்கிறாள். யோசுவாவிடம் இதற்குப் பதில் இருந்திருக்காது.

இந்த வாதம் பைபிளின் உள்ளிருந்தே எழக்கூடியது. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில், பிற இனத்தார் கிறிஸ்தவராக வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று எருசலேமில் கூடிப் பேசுகிறார்கள். வேண்டாம் என்று முடிவாகிறது. பிறந்த இனத்தின் அடையாளத்தை மாற்றாமலே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்பதே அம்முடிவின் சாரம். 1929-இல் கிகுயு நாட்டில் அதே சொல் தலைகீழாக வந்து நின்றது. அன்று சபைக்குள் வரக் கத்தி வேண்டுமா என்று கேட்டார்கள். இங்கே சபைக்குள் இருக்கக் கத்தியை விட வேண்டும் என்றார்கள்.

அப்படியானால் மிஷன் சொன்னது தவறா? பெண்ணின் உடலைப் பொறுத்தவரை மிஷன் சொன்னதே சரி. முத்தோனியின் சாவே அதற்குச் சாட்சி. ஆனால் அவள் ஏங்கியது கத்திக்காக அன்று. ‘நீ இனிச் சிறுமி இல்லை, எங்களில் ஒருத்தி’ என்று ஊர் சொல்லும் அந்த ஏற்புக்காகவே ஏங்கினாள். அந்த ஏற்பைப் பெறக் குலம் ஒரு பெண்ணுக்கு வைத்திருந்த வாசல் ஒன்றே. மிஷன் அந்த வாசலை அடைத்தது, வேறொரு வாசலைத் திறக்கவில்லை. குலமோ அந்த வாசலைத் தவிர வேறு எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு தரப்பிலும் பெரியவர்கள் செய்யத் தவறியதைச் செய்யப் போய்ச் சிறுமி ஒருத்தி மாண்டாள்.

நாவலின் தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை இதோடு வைத்துப் பார்க்கலாம். விருத்தசேதனத்துக்கு முன் வையாகிக்கு ‘இரண்டாம் பிறப்பு’ச் சடங்கு நடக்கிறது. மகன் மீண்டும் தாயிடம் பிறப்பதுபோல் நடித்து, கொடி அறுப்பதுபோல் அறுத்து, ஹோனியா ஆற்றில் முழுக்கி எடுக்கிறார்கள். மறுபடி பிறத்தல், நீரில் மூழ்கித் தூய்மையாதல் ஆகிய இரண்டும் ஞானஸ்நானத்தின் சாரம். பொருள் நிறைந்த இந்தச் சடங்கைப் பார்த்து ‘இது எங்களுக்கும் தெரியுமே’ என்று யோசுவா சொல்லியிருந்தால் இரண்டு முகடுகளுக்கும் நடுவே ஒரு பாலம் அமைந்திருக்கும். அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

நாவலின் குறைகள்

முத்தோனியின் கேள்வியை எழுப்பிய ஆசிரியர், அதை முழுமையாகப் பின்தொடரவில்லை. அவள் சீக்கிரமே இறந்துவிடுகிறாள். பிறகு கதை வையாகியின் கதையாக மாறுகிறது. பெண்களின் உடலைப் பற்றிய வழக்கு ஆண்களின் அரசியல் போட்டியாகிறது. நியாம்புரா, மிரியாமு ஆகியோரின் மனத்தை ஆசிரியர் தொட்டுக் காட்டுகிறாரே தவிர, குலத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று உட்கார்ந்து கேட்கவில்லை. சடங்கை நடத்தும் மூதாட்டிகளுக்கும் குரல் இல்லை.

இரண்டாவது குறை, குலமரபு முழுவதும் விருத்தசேதனம் என்ற ஒன்றில் வந்து குவிந்துவிடுவது. நிலம், பெயர், முன்னோர் கதை, புனித முகுமோ மரம், வயதுக் குழுவின் உறவு ஆகிய அனைத்தும் நாவலில் வருகின்றன. இருந்தும் சோதனைக்கு உள்ளாவது கத்தி ஒன்றே. வரலாற்றிலும் நெருக்கடி அதைச் சுற்றியே எழுந்தது என்று ஆசிரியருக்காக வாதிடலாம். ஆனால் வையாகியின் சிந்தனையில், இச்சடங்கு ஒரே நாளில் பிடுங்கி எறியக் கூடியதன்று, அதன் இடத்தை நிரப்ப வேறொன்று வேண்டும் என்ற தெளிவு பிறக்கிறது. அந்த ‘வேறொன்று’ எது என்று நாவல் தேடவே இல்லை.

வையாகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஆசிரியன். பள்ளிக்கூடம் கட்டுவதிலேயே அவன் மனம் முழுதும் போகிறது. பெற்றோர் திரண்டு வந்து அவன் சொல்வதைக் கேட்கத் தயாராக நின்ற நாளில், இரு முகடுகளும் ஒன்றுபட வேண்டும் என்று பேச நினைத்திருந்தும், உற்சாகத்தில் பேச மறந்துவிடுகிறான். கூரையும் கரும்பலகையும் ஆசிரியர் எண்ணிக்கையும் அவன் நினைவில் நின்றன. எதற்காகப் பள்ளி என்பது நழுவியது. முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற எனக்கு இந்த இடம் வலிக்கிறது. கட்டடத்துக்கும் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் ஓடிய ஓட்டத்தில், சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்ட நாட்கள் எங்களுக்கும் உண்டு. வையாகி கடைசியில் பேச வாயெடுக்கும்போது கேட்கும் காது இல்லை.

மொழி

குலமரபைப் பற்றிய இந்த நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மிரியாமுவைப் போன்ற ஒரு தாயால் இதைப் படிக்க முடியாது. இந்த முரண் கூகியைப் பின்னாளில் உறுத்தியது. முதல் நாவல்களில் அவர் பெயர் ஜேம்ஸ் கூகி. 1970-இல் கிழக்காப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் கூட்டத்தில், தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று அறிவித்துப் பேசினார். அதன்பின் ஜேம்ஸ் என்ற பெயரையும் விட்டார். 1977-இல் கமிரிது ஊர்மக்களோடு சேர்ந்து கிகுயு மொழியில் நாடகம் போட்டார். நாடகம் தடை செய்யப்பட்டது, அவரும் சிறைக்குப் போனார். அங்கே கழிப்பறைத் தாளில் எழுதிய ‘டெவில் ஆன் த கிராஸ்’ தொடங்கி, தம் நாவல்களைத் தாய்மொழியிலேயே எழுதினார்.

அவர் தேர்ந்தது ஒரு வழி: மொழிக்காகவும் மக்களுக்காகவும் சபையை விட்டு வெளியேறும் வழி. அதை மதிக்கலாம். ஆனால் அதுவே முத்தோனிக்கு விடையாகாது. அவள் வெளியேற விரும்பவில்லை. சுதந்திரப் பள்ளிகளைக் கட்டிய ஆயிரக்கணக்கான கிகுயு கிறிஸ்தவர்களும் வெளியேற விரும்பவில்லை.

தமிழ் வாசகருக்கு

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இதே கேள்வி வேறொரு முகத்துடன் வருகிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியபோது, குறவஞ்சி என்ற நம் இலக்கிய வடிவம் கிறிஸ்தவத்துக்குள் இயல்பாக வந்து சேர்ந்தது. அது ஆய்ந்தெடுத்த நல்ல மரபு. அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து உட்காரவைத்த நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவரையும் ‘முன்னோர் வழக்கம்’ என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே ‘முன்னோர் வழக்கம்’ என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் காக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. யாருடைய உடலிலும் மானத்திலும் காயம் செய்யாமல் ஒரு வழக்கத்தைக் காக்க முடியுமா என்பதே கேள்வி. குறவஞ்சி அந்தச் சோதனையில் தேறும். சுவர் தேறாது. பாட்டியின் பெயர் தேறும். கத்தி தேறாது.

மதிப்பீடு

இளம் வயதில் எழுதப்பட்ட நாவல் இது. பாத்திரங்கள் சில இடங்களில் கருத்துகளின் நிழலாகவே நிற்கிறார்கள். பெண்களின் கேள்வி ஆண்களின் மோதலில் மூழ்கிவிடுகிறது. ஆயினும், ‘இரண்டும் வேண்டும்’ என்ற ஆசையை ஏமாற்றுக்காரனிடமோ கோழையிடமோ கொடுக்காமல், துணிவுள்ள ஒரு சிறுமியிடம் கொடுத்ததே இதன் பெருமை. அந்த ஆசையைக் கேலி செய்யாமல் எழுதியவர்கள் குறைவு.

நாவல் தேடாமல் விட்ட ‘வேறொன்றை’ பிற்காலத்தில் கென்யப் பெண்களே தேடிக் கண்டார்கள். 1996-இல், கென்ய மலையின் கீழ்ப்புறத்திலுள்ள தராகா பகுதியில் சில தாய்மார்கள் புதிய சடங்கு ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகள் ஒரு வாரம் தனித்திருக்கிறார்கள். மூத்த பெண்கள் குலத்தின் ஒழுக்கமும் உடலைப் பற்றிய அறிவும் சொல்லித்தருகிறார்கள். முடிவில் ஊர் கூடிப் பாட்டும் ஆட்டமும் பரிசுமாகக் கொண்டாடுகிறது. கத்தி இல்லை. அந்தச் சடங்கின் பெயருக்குச் ‘சொல்லால் விருத்தசேதனம்’ என்று பொருள். பெண் உறுப்புச் சிதைப்பை முழுமையாகத் தடை செய்யும் சட்டம் கென்யாவில் 2011-இல் வந்தது. சட்டம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தாய்மார்கள் வேறொரு வாசலைத் திறந்திருந்தார்கள்.

முத்தோனி இன்று அந்த மலையடிவாரத்தில் பிறந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போய், ஊரின் பெண்ணாகவும் ஆகி, பாட்டியின் பெயரைத் தன் பேத்திக்கும் வைத்திருப்பாள். இதை நினைத்துக்கொண்டு நாவலின் கடைசிப் பக்கத்தைப் படிக்கும் மாணவருக்கு, அங்கே ஓடும் ஆறு வேறுவிதமாகக் கேட்கும்.